மாடிப்படியில் சாப்பாடு

போன மாசம் நாத்தனார் மகள் போன் பண்ணினாள். அவள் வீட்டுக்காரருக்கு வேலூரில் வைத்தியம் பார்ப்பதென்று முடிவாகிவிட்டதாம், அடுத்த வாரம் கிளம்புகிறார்கள், எப்படியும் இரண்டு மாசம் தங்கவேண்டியிருக்கும். "அத்தை, நீங்க இருந்துட்டு வந்தவங்க. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றாள். சொன்னேன். கொடிக்கயிறு, ஒரு டஜன் கிளிப், ஜங்ஷன் பாக்ஸ் (லாட்ஜில் இருக்கிற ஒரே பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால்தான் இருக்கும், அது என்ன கணக்கோ), ஃபிளாஸ்க் இரண்டு, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து ஓரம் அடித்த துண்டு நாலைந்து, ஆதார் ஜெராக்ஸ் ஒரு பத்து, ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாகப் போட்டுவைக்க ஒரு ஃபைல். பாத்திரம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் குண்டான் ஒன்றும் கரண்டி ஒன்றும் நம்முடையதாக இருக்கட்டும், எத்தனை பேர் எதை வைத்தார்களோ என்று யோசிக்க ஆரம்பித்தால் சாப்பாடு இறங்காது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியாகக் கேட்டாள், "ரொம்ப கஷ்டமா இருக்குமா அத்தை?"

"கஷ்டம்தான்மா. பழகிடும்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன், அது அன்றிலிருந்து தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. அவளிடம் சொல்லியிருந்தால் என்ன நினைத்திருப்பாளோ தெரியாது. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்களுக்குக் கேன்சர் வந்தது 2023இல். என் வீட்டுக்காரருக்கு, நாக்கில். முதலில் ஓரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது, உடைந்த பல் குத்துகிறது என்றார். நானும் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, நம்புவது வசதியாக இருந்தது. தேனைத் தொட்டு வைத்தேன், மணத்தக்காளிக் கீரையைச் சமைத்தேன், ஆறு மாசம் ஓடிவிட்டது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர், இருபது வருஷப் பழக்கம். இதையெல்லாம் விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, இதே கதை இல்லாத தெரு இப்போது எந்த ஊரில் இருக்கிறது? ஆபரேஷன் முடிந்து, தையல் ஆறி, அடுத்து ரேடியேஷன் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பேர் 'கரண்ட் வைக்கிறது'. முப்பது தடவை கரண்ட். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், சனி ஞாயிறு லீவு, ஆக ஆறு வாரம்.

திருக்கோவிலூரிலிருந்து வேலூர் ஒன்றும் அமெரிக்கா இல்லை. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. விழுப்புரம்–காட்பாடி ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது, இல்லாவிட்டால் திருவண்ணாமலையில் பஸ் மாறிப் போகலாம். தினமும் போய்வந்துவிடலாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். உரக்கடையில் தம்பி தனியாகத் திணறுவான், வெட்டிச் செலவு வேறு, என்றார். முதல் வாரம் நாலு நாள் அப்படியே போய்வந்தோம். கரண்ட் வைப்பதென்னவோ கால் மணி நேரம், அதற்குப் போக வர ஆறு மணி நேரம். வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில், நாலு பேர் பார்க்க என் தோளில் அவர் சாய்ந்தது அதுதான் முதல் தடவை. ஞாயிற்றுக்கிழமை நானே இரண்டு பைகளைக் கட்டினேன்.

துடைப்பம் வாங்காத இரண்டு வாரம்

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றி, காந்தி ரோடு, பாபு ராவ் தெரு என்று எங்கே திரும்பினாலும் லாட்ஜ்தான். போர்டெல்லாம் தமிழில், ஆங்கிலத்தில், அதற்கு மேலே பெரிதாக வங்காளத்தில். கொல்கத்தா பக்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் அத்தனை பேர் வருகிறார்கள். மருந்துக்கடைப் பையன் வங்காளம் பேசுகிறான், ஆட்டோக்காரர் "தீதி, தீதி" (அக்கா) என்று கூப்பிடுகிறார், தள்ளுவண்டியில் நம் ஊரில் பார்த்தே இராத காய், பச்சையில் வெள்ளைக் கோடு போட்டு, பெரிய கோவைக்காய் மாதிரி. சந்துக்குள் நுழைந்தால் கடுகெண்ணெய் காய்கிற நெடி மூக்கில் ஏறும். தமிழ்நாட்டில் ஒரு ஊருக்குள் நான்தான் அசலூர்க்காரி மாதிரி நின்றேன்.

ஏழெட்டு லாட்ஜ் ஏறி இறங்கி, கடைசியில் இரண்டாவது மாடியில் ஒரு கிச்சன் ரூம் கிடைத்தது. கிச்சன் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம், பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கடப்பா மேடை, அதன்மேல் ஒற்றை அடுப்பு, கீழே சின்ன சிலிண்டர். இரண்டு கட்டில், ஒரு ஸ்டூல், பூட்டாத ஒரு அலமாரி, பக்கத்துக் கட்டிடத்துச் சுவரைப் பார்க்கிற ஒரு ஜன்னல். நாளைக்கு 450 ரூபாய், மொத்தமாகத் தங்கினால் குறைப்போம் என்றார் மேனேஜர். கடைசியில் கரண்ட் பில், தண்ணி கேன், குப்பை எடுக்கிற காசு என்று குறைத்ததைவிட அதிகமாகவே சேர்த்தார், அது வேறு கதை. கதவுக்குப் பின்னால் நாலு மொழியில் விதிமுறை ஒட்டியிருந்தது. இரவு 9 மணிக்கு மேல் மிக்ஸி போடக்கூடாது என்பது அதில் ஆறாவது. அது ஏன் இவ்வளவு முக்கியமான விதி என்று அப்போது விளங்கவில்லை, இரண்டு வாரத்தில் விளங்கியது.

இரண்டு வாரம் பையைப் பிரிக்கவில்லை. புடவை வேண்டுமென்றால் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்து, எடுத்துக்கொண்டு, ஜிப்பை மூடி மறுபடியும் உள்ளே தள்ளிவிடுவேன். அலமாரியில் பழைய தினத்தந்தி விரித்திருந்தது, அதன்மேல் எதையும் வைக்க மனசு வரவில்லை. தரை நறநறவென்று மண்ணாக இருந்தும் துடைப்பம் வாங்கவில்லை. கீழே லாட்ஜ் துடைப்பத்தைக் கேட்டு வாங்கி, கூட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். துடைப்பம் வாங்கினால் குடித்தனம் வைத்த மாதிரி ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு எண்ணம். வந்த காரியம் முடிந்ததும் போகிறவர்களுக்கு எதற்குத் துடைப்பம்? ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாரும் "என்ன, செட்டில் ஆயிட்டீங்களா?" என்று கேட்பார்கள். ஆச்சு என்று சொன்னால் அபசகுனம், ஆகவில்லை என்று சொன்னால் புலம்பல். "ம்ம்" என்பேன்.

தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போவோம். கரண்ட் வைக்க ஆரம்பிக்கும் முன்பே முகத்துக்கு ஒரு அச்சு எடுத்திருந்தார்கள். வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் தகடு, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதை வெந்நீரில் போட்டு இளக்கி முகத்தின்மேல் இழுத்துப் பிடித்தால், சில நிமிஷத்தில் அவர் மூக்கும் தாடையும் அப்படியே பதிந்து இறுகிவிட்டது. தினமும் படுக்கவைத்து அந்த முகமூடியைப் போட்டு மேஜையோடு சேர்த்து க்ளிப் பண்ணிவிடுவார்களாம், தலை ஒரு நூல்கூட அசையக்கூடாது. வெளியே வரும்போது நெற்றியிலும் கன்னத்திலும் கட்டம் கட்டமாகத் தழும்பு இருக்கும், ரூமுக்கு வந்து சேர்வதற்குள் மறைந்துவிடும். முதல் இரண்டு வாரம் வேறு ஒன்றும் தெரியவில்லை. "இதுக்குத்தான் இவ்வளவு பயந்தோமா?" என்றுகூடச் சொன்னார். மூன்றாவது வாரம் தொடங்கியது. முதலில் ருசி போனது, பால் குடித்தால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு எச்சில் பசையாகி நூல் இழுத்தது. அப்புறம் வாய் முழுக்கப் புண். ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பும் சோடா உப்பும் கலந்து வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு தரம் கொப்பளிப்பார். பேசினால் எரிகிறதென்று பேச்சை நிறுத்திவிட்டு, கீழே பெட்டிக்கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். நாலாவது வாரம் மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள்.

அன்றைக்குத்தான் துடைப்பம் வாங்கினேன். மிக்ஸியும் ஒன்று, பழையது, காலி செய்துகொண்டு போன ஒரு அசாம்காரக் குடும்பத்திடம் 700 ரூபாய்க்கு. சாயங்காலம் பையைக் கவிழ்த்துப் புடவைகளை அலமாரியில் அடுக்கினேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் எழுதவில்லை.

மூக்கில் ஊற்றுகிற கஞ்சிக்குத் தாளிப்பு

குழாயில் ஊற்றுவது ஒரு தனி வேலை. அரிசியும் பாசிப்பருப்பும் குழைய வேகவைத்து, மிக்ஸியில் ஓட்டி, வடிகட்டி, மறுபடி வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறியதும் பெரிய சிரிஞ்சில் எடுத்து மெதுவாக இறக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். ஊற்றி அரை மணி நேரத்துக்குப் படுக்கக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். இதிலே நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்வேன், சீரகமும் கறிவேப்பிலையும் நெய்யில் தாளித்துக் கஞ்சியில் கொட்டி, பிறகு வடிகட்டி எடுத்துவிடுவேன். மூக்கில் ஊற்றுகிற கஞ்சிக்கு எதற்குத் தாளிப்பு என்று எதிர் ரூம் தீதி சைகையிலேயே கேட்டுச் சிரித்தாள். எனக்கென்னவோ வெறும் கஞ்சியை அவருக்குள் இறக்கக் கை வரவில்லை.

தீதி மேதினிப்பூர் பக்கம். ரயிலில் ஒரு நாளைக்கு மேலே பயணம். நூறு கிலோமீட்டருக்கு அலுத்துக்கொண்ட எனக்கு அதைக் கேட்டதும் வெட்கமாகிவிட்டது. அவள் புருஷனுக்குத் தொண்டையில். எனக்குத் தெரிந்த வங்காளம் ஜோல், பாத், மாச் என்று மூன்று சொல், தண்ணீர், சோறு, மீன். அவளுக்குத் தெரிந்த தமிழ் 'சாப்டாச்சா', 'எவ்ளோ', 'வேணாம்'. இரண்டு மாசம் குடித்தனம் நடத்த இவ்வளவு போதும்.

அவள்தான் எனக்கு மாடிப்படியைக் காட்டியது. இரண்டாவது மாடியிலிருந்து மொட்டை மாடிக்குப் போகிற படிக்கட்டு, மேலே கதவுக்குப் பூட்டு, அதனால் யாரும் வரமாட்டார்கள். பன்னிரண்டு படி. மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பார்த்தால் அங்கே நாலு பெண்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தீதி, சித்தூர்க்காரம்மா ஒருத்தி, அகர்தலாவிலிருந்து வந்த ஒரு சின்னப்பெண், அப்புறம் நான். நாலு பேர் வீட்டுக்காரர்களும் வாயால் சாப்பிட முடியாதவர்கள். ஒரே அறைக்குள் அவர் குழாயோடு படுத்திருக்க, எதிரில் உட்கார்ந்து பிசைந்து சாப்பிட முடியுமா? முதல் இரண்டு நாள் பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு இரண்டு பன்னைத் தண்ணீரில் நனைத்து விழுங்கியிருக்கிறேன், அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. படியில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. எல்லாரும் கொஞ்சம் சுவர்ப்பக்கமாகத் திரும்பி, திருடித் தின்கிற மாதிரி, கடகடவென்று வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவப் போய்விடுவோம்.

அந்த ஆஸ்பத்திரி உண்டான கதை வேலூரில் எல்லாருக்கும் தெரியும். ஐடா ஸ்கடர் சின்னப்பெண்ணாகத் திண்டிவனத்தில், எங்கள் பக்கத்து ஊர்தான், அப்பா வீட்டில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று பேர் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். அப்பா டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றாள் அந்தப் பெண். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூன்று பேரும் திரும்பிப் போனார்கள், விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. இந்தக் கதையை யார் சொன்னாலும் ஐடாவோடு முடித்துவிடுகிறார்கள். நான் படியில் உட்கார்ந்து நினைத்தது அந்த மூன்று புருஷன்களைத்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இருட்டில் நடந்து வீட்டுக்குப் போனார்களே, வாசலில் உட்கார்ந்து விடிகிறவரை என்ன செய்திருப்பார்கள்? அவர்களைத் திட்டுவது சுலபம். வெள்ளைத் திட்டைப் பார்த்துவிட்டுத் தேன் வைத்த கை என்னுடையது.

கத்திரிக்காய்

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். கரண்ட் 22ஆவது நாள். காலையில் மார்க்கெட் போயிருந்தபோது இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் பார்த்தேன். காம்பில் முள்ளோடு, குண்டாக, மினுமினுவென்று இருந்தது. அந்த வருஷம்தான் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது, வண்டிக்காரர் அதைச் சொல்லியே கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட்டி வைத்திருந்தார். கால் கிலோ வாங்கினேன். மூன்று வாரமாக ரசமும் ஊறுகாயுமாக ஓட்டியிருந்தேன், ஏதோ ஒரு ஆசை. எள்ளும் வேர்க்கடலையும் வறுத்து அரைத்து எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தேன். வைக்கும்போது தெரியவில்லை, கொதி வந்த பிறகுதான் உறைத்தது, ஒற்றை ஜன்னல் ரூமில் அந்த வாசனை எங்கே போகும்? அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று எண்ணிக்கொண்டு, சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, முந்தானையால் தட்டை மூடிக்கொண்டு படிக்கு ஓடினேன்.

இரண்டு வாய் வைத்திருப்பேன். கீழே செருப்புச் சத்தம். அவர் நிற்கிறார். மூக்கில் குழாய், அதன் நுனியைக் காதுக்குப் பின்னால் செருகி பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது, கழுத்துத் தோல் கறுத்துப்போய் பொடிப்பொடியாக உரிகிறது, கக்கத்தில் நோட்டு. தீதி முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறிவந்து எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். எனக்குத் தட்டை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. அவர் நோட்டில் எழுதி நீட்டினார். "எப்பிடி இறுக்கு." அவருக்கு எப்போதும் 'ர' எங்கே, 'ற' எங்கே என்பது குழப்பம்தான்.

"நல்லாருக்குங்க" என்றேன். தலையை ஆட்டினார், அது இல்லை என்று. எழுதினார், "அது இல்ல. சொல்லு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சொன்னேன். புளி ஒரு சுண்டு தூக்கலா இருக்கு. காய் நல்லா வெந்துடுச்சு, ஆனா காம்பு குழையல, கடிச்சா உள்ளேருந்து எண்ணெய் வருது. எள்ளைக் கொஞ்சம் கருக விட்டுட்டேன், அடியில லேசா கசக்குது, அதுவும் நல்லாத்தான் இருக்கு. சோறு நேத்து அரிசி இல்ல, புதுசு, ஒட்டுது. இப்படி நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், எச்சில் விழுங்கும்போது முகம் சுருங்கியது, ஆனாலும் விழுங்கினார். நிறுத்தினால் விரலால் தட்டைத் தட்டினார், சாப்பிடு, சொல்லு. என்ன நடக்கிறதென்று தீதி கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் புரிந்துவிட்டது போல, தன் தட்டிலிருந்த மீனைக் காட்டி வங்காளத்தில் அவரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கையை ஆட்டி ஆட்டி, நாக்கைச் சப்புக்கொட்டி, நிறுத்தாமல். ஒரு சொல் புரியாமல் அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சித்தூர்க்காரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறிவிட்டது.

எங்கள் வீட்டில் அவர் சாப்பிடுவது கடை சாத்திவிட்டு வந்தபிறகு, தம்பியோடு, அத்தைதான், என் மாமியார், பரிமாறுவார்கள். தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். உப்பு இல்லையென்றால் மட்டும் ஒரு பார்வை. எல்லாரும் முடித்தபிறகு நானும் ஓரகத்தியும் சட்டி அடியில் இருப்பதை வழித்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம். நான் செய்த குழம்பு எனக்கு எப்படி இருக்கிறது என்று இருபத்து நாலு வருஷத்தில் யாரும் கேட்டதில்லை, கேட்காதது எனக்கும் தெரிந்ததில்லை. அன்றிலிருந்து தினமும் ஒன்றரை மணிக்கு அவரும் படிக்கு வருவார். நோட்டில் "இன்னைக்கு என்ன" என்று ஒரே வரி. நான் சாப்பிட்டுக்கொண்டே சொல்வேன்.

சொல்லாமல் விட்டது

அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். அதைத்தான் நாத்தனார் மகளிடம் சொல்லவில்லை. எல்லா நாளும் இல்லை. காய்ச்சல் வந்து இரண்டு ராத்திரி அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்ததும், குழாய் அடைத்துக்கொண்டு கை நடுங்கியதும், ஸ்கேன் ரிப்போர்ட் கவரைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்ததும் நடந்ததுதான். ஆனால் நடுநடுவே, பட்டப்பகலில், கொடியில் துணி உலர்த்தும்போது, நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பேன், சட்டென்று உறைத்து நிறுத்துவேன். புருஷனுக்குக் கேன்சர், இவளுக்குப் பாட்டு.

ஊரில் எங்கள் ரூமில்தான் நெல் மூட்டை அடுக்கியிருக்கும், கதவுக்கு வெளியே அத்தை படுத்திருப்பார்கள். நாங்கள் பேசிக்கொள்வதெல்லாம் பையன் பீஸ், கடை பாக்கி, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய். இங்கே ஒரு பூட்டு, ஒரு சாவி, அது என் இடுப்பில். பேச முடியாமல் போனபிறகு அவர் பேச ஆரம்பித்தார். மூன்று நோட்டு தீர்ந்தது. சின்ன வயசில் பெண்ணையாற்றில் மூழ்கப் பார்த்தது, எங்கள் பெண்பார்க்கும் அன்றைக்கு அவருக்கு வயிற்றுப்போக்கு என்பது, தம்பிக்குக் கடையை எழுதிக்கொடுத்துவிடலாமா என்பது, எல்லாம் 'ர'வும் 'ற'வும் மாறி மாறி.

சனி, ஞாயிறு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோட்டைக்குப் போவோம், அகழிச் சுவரோரம் உட்கார்ந்திருப்போம். 'சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு' என்று வேலூரைச் சொல்லுவார்கள். சாமி இல்லாததெல்லாம் முன்காலம். படையெடுப்புக்குப் பயந்து ஜலகண்டேஸ்வரரைத் தூக்கிக்கொண்டுபோய் சத்துவாச்சாரியில் வைத்தார்கள், கோட்டைக்குள் அத்தனை அழகான கல்யாண மண்டபத்தோடு கோயில் வெறுமனே கிடந்தது. பல தலைமுறை கழித்து 1981இல்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். பூக்காரம்மா இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். "சாமியும் லாச்சுல இறுந்துட்டுதான் வந்திறுக்கு." வாடகை யார் கட்டினது என்று கேட்டேன். சிரிக்க வந்து, வாய் வலித்து, கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

ராத்திரி எட்டு மணிக்கு ஊரிலிருந்து போன் வரும். அத்தை அழுவார்கள். ஓரகத்தி ஒருநாள், "உனக்கென்னக்கா, ரெண்டு பேருக்குச் சமையல், ஒரு ரூம் கூட்டினா வேலை முடிஞ்சுது" என்றாள். குத்தலாகச் சொன்னாளோ வெகுளியாகச் சொன்னாளோ. சுருக்கென்றது. பொய்யாக இருந்தால் சுருக்கென்றிருக்காது. எட்டுப் பேருக்கு அவள் ஒற்றையாக வடித்துக்கொட்டிக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குத் தோன்றக்கூட இல்லை.

தீதி வீட்டார் எங்களுக்கு முன்பே கிளம்பினார்கள். பாதிக் கடுகெண்ணெய் பாட்டிலை என் மேடையில் வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ நீளமாகச் சொன்னாள். வைத்தியம் முடிந்து போகிறார்களா, முடியாமல் போகிறார்களா என்று கேட்கிற அளவுக்கு எனக்கு வங்காளம் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. "சாப்டாச்சா?" என்றேன். "சாப்டாச்சு" என்றாள். ஒரு வாரம் கழித்து நாங்களும் காலி செய்தோம், 52 நாள் கணக்கு. மிக்ஸியை 600க்கு ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார், துடைப்பத்தை அப்படியே மூலையில் விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது அவருக்குப் பரவாயில்லை. மூன்று மாசத்துக்கு ஒரு தரம் போய்க் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறோம். சோற்றைக் குழைய மசித்துத் தயிரோ ரசமோ விட்டால் சாப்பிடுகிறார், எச்சில் சுரப்பதில்லை என்பதால் பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர். பேச்சு வந்துவிட்டது, 'ழ' மட்டும் வராது, முன்னாலும் வந்ததில்லை. பேச்சு வந்ததும் பழையபடி பேசாமலும் ஆகிவிட்டார். கடை, டிவி, தூக்கம். குற்றம் சொல்லவில்லை, அங்கே இருந்த அவரும் இவரேதான். நோட்டு மூன்றும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

நேற்று நாத்தனார் மகள் வேலூரிலிருந்து போன் செய்தாள். ரூம் கிடைத்துவிட்டதாம், மூன்றாவது மாடி. "எல்லாம் சொன்னீங்க, துடைப்பம் சொல்ல மறந்துட்டீங்களே அத்தை" என்றாள். வாங்கிவிட்டாயா என்று கேட்டேன். அன்றைக்கே வாங்கிட்டேன், என்றாள். கெட்டிக்காரி.

போனை வைத்துவிட்டுச் சோற்றைப் போட்டுக்கொண்டேன். மத்தியானம், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டாயிற்று. எங்கள் வீட்டிலும் கொல்லைப்பக்கம் மொட்டை மாடிக்குப் போகிற படி உண்டு, மூன்றாவது படியில் உட்கார்ந்தேன். ஊர்க் கத்திரிக்காய்தான், நீளக்காய், அவ்வளவு நன்றாக வரவில்லை. அத்தை பின்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன புதுப்பழக்கம், படியில உக்காந்து சாப்பிடறது?"

"காத்து வருது அத்தை" என்றேன்.